நடுப்படி

செவ்வாய்க்கிழமைக் கருத்தரங்கில் கேஷா ரத்மீரின் கழுத்துப்பட்டையைப் பிடித்திழுத்து அவனைக் கரும்பலகையோடு வைத்து அழுத்தியபோது, கடைசி வரிசையில் இருந்த லிதியா எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. யாருடைய தேநீரோ கொட்டித் தரையில் கிடந்த தாள்களில் பரவியது. லிதியா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் தன்மேல் பாய்ந்திருக்க வேண்டியது என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ரத்மீர் சொன்னது ஒரே வாக்கியம். "கேஷா, உன் நடுப்படி உன் மண்டைக்குள்ளதான் இருக்கு, மூலக்கூறுக்குள்ள இல்ல."

நடுப்படி பற்றி அந்த ஆய்வு நிறுவனத்தின் வாசல் காவலருக்குக்கூடத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேலாகக் கேஷா வேறு எதையும் பேசவில்லை. அவன் செய்தது ஒரு தாமிரச் சேர்மம். மஞ்சள் நிறத் தூள். ஊதா விளக்கில் காட்டினால் பச்சையாக ஒளிரும். ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான் ஒன்று மேல்படிக்குத் தாவும். அங்கிருந்து உடனே விழுந்து வெளிச்சமாகிவிடலாம். தாமிரம் அதை விடாது. எலக்ட்ரானின் சுழற்சியைத் திருப்பிச் சற்றுக் கீழே இருக்கும் இன்னொரு படியில் தள்ளிவிடும். அந்தக் கீழ்ப்படியிலிருந்து தரைக்கு நேர்வழி கிடையாது. காத்துக் கிடக்க வேண்டும். அறையின் வெதுவெதுப்பு தூக்கிவிட்டால் மறுபடி மேல்படி ஏறி, அங்கிருந்து பச்சையாக விழும். திரவ நைட்ரஜனில் ஆழ்த்தினால் ஏறத் தெம்பில்லாமல் கீழ்ப்படியிலேயே கிடந்து, மெல்ல மெல்ல மஞ்சளாகக் கசியும்.

இரண்டே படிகள் என்றால், அறை வெப்பத்தில் அந்த ஒளி பதினொரு மைக்ரோநொடி உயிரோடு இருக்க வேண்டும் என்றது கணக்கு. லிதியாவின் கருவி மூன்று என்றது. காணாமல் போன எட்டுக்கு விளக்கமாகத்தான் கேஷா இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு படியை நினைத்துக் கண்டுபிடித்தான். அதை வைத்து முந்நூறு பக்கத்துக்கு ஆய்வேடு எழுதினான். மார்ச் ஆறாம் தேதி அவையின் முன்னால் நின்று அதை நிலைநாட்ட வேண்டும். அதற்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

நடுப்படி என்று ஒன்று கிடையாது. அது ஒரு கண்ணாடித் திருகின் கசிவு.

கரைசலில் துளி காற்று மிஞ்சினாலும் போதும். ஆக்சிஜன் கீழ்ப்படியில் காத்திருப்பதைத் தொட்டு அதன் ஆற்றலைப் பறித்துக்கொண்டு போய்விடும். ஒளி அற்ப ஆயுளில் சாகும். அதனால்தான் ஒவ்வொரு மாதிரியையும் உறையவைத்து, பம்பு போட்டுக் காற்றை இழுத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைத்து, இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகே அளப்பார்கள். அந்த வேலை லிதியாவுடையது. காற்றை இழுக்கும் கண்ணாடிக் குழாயில், வழியைத் திறந்து மூடும் நான்காவது திருகு மயிரிழை அளவுக்கு விரிசல் கண்டிருப்பதைப் போன வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் அவள் கண்டுபிடித்தாள். கேஷாவின் மாதிரியை அளந்தது அதற்கு இரண்டு மாதம் முன்பு. சந்தேகம் தீர, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடியில் வேறொரு குழுவின் குழாயை இரவல் வாங்கி அதே தூளை அளந்து பார்த்தாள். பத்துப் புள்ளி எட்டு வந்தது. அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் கையுறைகளுக்கு அடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தாள். திங்கட்கிழமை கேஷா ஒரு பை நிறையப் பைன் கொட்டையோடு வந்து, நடுப்படியைப் பற்றி அவளிடம்தான் முதலில் சொன்னான். சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. கொட்டையை உடைத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தான். இன்னொக்கேந்தி என்ற முழுப்பெயரில் அவனை எல்லோரும் அழைத்த காலத்தில், ஒரே வீட்டில் எட்டு வருடம் அவனோடு அவள் குடித்தனம் நடத்தியிருந்தாள். அவன் கைகள் என்ன செய்யும் என்பது அவள் உடம்புக்குத் தெரியும். அன்று அந்தக் கைகள் கொட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நாளாக ஆகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. திருகை மாற்றவும் வழியில்லை. கண்ணாடி ஊதும் புரோகொரின் முன்பல்லைக் கேஷா ஒரு கோடையில் உடைத்திருந்தான். அந்தக் குழுவுக்கு இனிக் கண்ணாடித் துண்டுகூட ஒட்டித் தரமாட்டேன் என்று புரோகொர் எழுதியே கொடுத்துவிட்டார். லிதியா விரிசலில் மசகைத் தடவிச் சமாளித்தாள். எத்தனை முறை அளந்தாலும் மூன்று, மூன்று, மூன்று. தவறு மாறாமல் வந்தால் அதுவும் உண்மை மாதிரியே இருக்கும் என்பதை அவள் அந்தப் பதினாலு மாதத்தில் தெரிந்துகொண்டாள்.

கருத்தரங்கில் பிரித்துவிட்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரத்மீரின் கண்முன்னால் மறுபடி அளப்பது. எல்லோரும் லிதியாவைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு டிகிரி. பிர்ச் மரங்கள் அசையாமல் நின்றன. நிலவறை ஆய்வகத்தின் உயரமான சின்ன ஜன்னலில் வெளிச்சம் பால் மாதிரி ஒட்டியிருந்தது. லிதியா ஒன்பதுக்கே வந்து, இழுப்பறைத் தாளை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அளப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கேஷாவிடம் தனியாகச் சொன்னால் அடிப்பான். ரத்மீரும் இருக்கும்போது சொன்னால் ஒருவேளை அடிக்கமாட்டான். இப்படி யோசித்தபடி பொறிக்குழலுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றினாள். ஆவியைப் பிடித்து உறையவைக்க, பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் தொங்கும் கண்ணாடி விரல் அது; அதன் அடியில் மூன்று நாளாகச் சேர்ந்த கரைப்பான் கட்டியாகக் கிடந்தது. விரல் உள்ளே மூழ்கும்படி நைட்ரஜன் குடுவையைக் கீழிருந்து ஏற்றி, வாயைத் துணியால் சுற்றினாள். பம்பு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கேஷா முதலில் வந்தான். பெரிய உடம்பு. தாடியில் மூச்சு உறைந்து வெள்ளையாக இருந்தது. மாதிரிக் குழலைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"நாப்பது மில்லிகிராம். சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். இதான் கடைசி," என்றான். "பத்திரம், லீதா."

"கேஷா, ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்புறம்."

"அளக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கால்கள் தாமாகவே கதவுப் பக்கம் அரை அடி நகர்ந்தன. அவனோடு ஒரே அறையில் இருக்கும்போது கதவுக்கும் தனக்கும் எத்தனை அடி என்பதை அவள் எப்போதும் அறிந்திருந்தாள். அதற்குள் கதவு திறந்து ரத்மீர் வந்தான்.

"வாங்க, நீதிபதி வந்துட்டாரு," என்றான் கேஷா. "மூக்குக்கண்ணாடி கொண்டுவந்தியா? அப்புறம் சரியாத் தெரியலைன்னு சொல்லக்கூடாது."

ரத்மீர் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டியிருந்தான். ஒல்லியான தாத்தார் இனத்தவன்; கேஷாவோடு ஒரே வகுப்பில் படித்தவன்; ஐந்து வருடம் விடுதியில் ஒரே அறை. "கண்ணு நல்லாத்தான் தெரியுது. கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது."

"அது கழுத்தா? கைப்பிடின்னு நினைச்சுட்டேன்."

"உனக்கு எல்லாமே கைப்பிடிதான். வணக்கம், லிதியா ஃபிலிப்போவ்னா. சாட்சிக்குத் தேநீர் உண்டா?"

அவள் முகவையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டாவது முறை வாயைத் திறக்க நினைத்தபோது கேஷா தூளைக் கரைத்து, மாதிரிக் குழலைக் குழாயில் பொருத்திக்கொண்டிருந்தான். திருகுகளை அவனே இறுக்கினான். நான்காவதைத் தொட்டு, "நல்லா மசகு போட்டிருக்கே," என்று மெச்சினான்.

உறையவைத்தாள். இழுத்தாள். உருகவிட்டாள். கரைசல் இளகும்போது குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பின. இரண்டாம் முறையும் வந்தன. மூன்றாம் முறை வரக்கூடாது. வந்தன.

ரத்மீர் குனிந்து பார்த்தான். "இன்னும் காத்து இருக்கே, லிதியா ஃபிலிப்போவ்னா."

"ஆமா," என்றாள்.

"இந்தக் கரைப்பான் கொஞ்சம் அடம்பிடிக்கும்," என்றான் கேஷா. "நாலாவதுல அடங்கிடும். நீ கணக்குப் போடறவன், உனக்கு எங்கே தெரியும்? நீ கடைசியா ஒரு குடுவையைக் கையில தொட்டது எப்போ?"

"தொட்டாத்தானா? உன் மூணு மைக்ரோநொடிக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, நடுப்படி. இன்னொண்ணு, காத்து."

"என்ன சொல்றே?" என்றான் கேஷா. பம்பின் சத்தத்தில் அவனுக்கு விழவில்லை. "இந்தக் கழுதையை முதல்ல நிறுத்து. ஒரு மண்ணும் கேக்கல." காலை நீட்டி, மேசைக்கடியில் இருந்த விசையை உதைத்தான். பம்பு இருமி நின்றது.

அறை திடீரென்று அமைதியானது. பம்பு நின்றால் நைட்ரஜனை இறக்கு: அந்த வேலையில் முதல் நாள் சொல்லித்தரும் முதல் விதி அது. இறக்காவிட்டால் குளிர்ந்த கண்ணாடி விரல் தானே பம்பாகிவிடும். எங்காவது இடுக்கு இருந்தால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே திரவமாகச் சொட்டும். அடியில் கிடக்கும் கரைப்பானோடு அது சேர்ந்தால் வெடிமருந்துதான். குழாய் இறுக்கமாக இருந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு ஆண்களும் அது இறுக்கமாக இருப்பதாக நம்பினார்கள்.

லிதியா குடுவையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"விடு. அஞ்சு நிமிஷம். பேசி முடிச்சிட்டு மறுபடி போடலாம்," என்றான் கேஷா. அவன் குரல் தணிந்திருந்தது. எட்டு வருடத்தில் அவள் பயந்தது அவனுடைய கத்தலுக்கு அல்ல, அந்தத் தணிந்த குரலுக்கு. கை திரும்பி வந்து பையிலிருந்த தாளைத் தொட்டது. ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் அரைமணி நேரமானது. தாளில் கோடு போட்டார்கள், அடித்தார்கள், மறுபடி போட்டார்கள். லிதியா கதவருகில் நின்றாள். எவ்வளவு நேரம் ஒரு மனுஷி கீழ்ப்படியில் கிடக்க முடியும் என்று நினைத்தாள். நேரே இறங்க வழியில்லை. மேலே ஏறத் தெம்பில்லை. யாரும் வந்து தொடவுமில்லை.

"சரி, ஒண்ணு சொல்லட்டா?" என்றான் ரத்மீர். பேனாவை மூடி வைத்தான். "மாடியில எல்லாரும் சிரிக்கறாங்க, கேஷா. நடுப்படி, நடுப்படின்னு. உன் முன்னாடி சிரிக்கறதில்ல. பல்லு போயிடும்னு பயம். அவ்வளவுதான் உனக்கு இங்கே இருக்கற மரியாதை."

கேஷா மேசையிலிருந்து கையை எடுத்தான். எழுந்தான். எழுந்த வேகத்திலேயே அடித்தான்.

முஷ்டி மூக்கில் இறங்கிய சத்தம் ஈரமான பலகை முறிவதுபோல் இருந்தது. ரத்மீர் முக்காலியோடு பின்னால் போய் அலமாரியில் மோதினான். உதட்டுக்குமேல் ரத்தம் கொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை. முக்காலியின் காலைப் பிடித்துத் தூக்கிக் கேஷாவின் விலாவில் வீசினான். கேஷா மடங்கினான், மடங்கியபடியே அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கி மேசையில் அறைந்தான். முகவை உடைந்தது. தேநீரும் ரத்தமும் ஓடித் தாளிலிருந்த வரைபடத்தை நனைத்தன. ரத்மீரின் விரல்கள் கேஷாவின் கண்ணைத் தேடின. கேஷா அவன் தலையை முடியோடு பிடித்து ஒருமுறை, இரண்டுமுறை பலகையில் மோதினான். இருவர் வாயிலிருந்தும் வார்த்தை வரவில்லை. மூச்சும் முனகலும்தான்.

மூன்றாவது மோதலில் மேசை நகர்ந்தது. குழாய் முழுவதும் சிலிர்த்தது. குடுவையைச் சுற்றியிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

லிதியா அதைப் பார்த்தாள். நைட்ரஜன் பாதிக்குமேல் வற்றியிருந்தது. வெளியே தெரிந்த கண்ணாடி விரலுக்குள் ஏதோ நின்றிருந்தது. ஏப்ரலில் ஓப் நதியின் பனி பிளக்கும்போது பிளவின் அடியில் தெரியுமே, அந்த நீலம். மூன்று விரற்கடை உயரத்துக்குத் திரவ ஆக்சிஜன். அழகாக இருந்தது. அதைப் பார்த்தவர்களில் சிலர் அதைப்பற்றிச் சொல்ல மிஞ்சியதில்லை.

"நீலமா இருக்கு," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் எப்போதுமே சின்னது.

"நீலமா இருக்கு. நிறுத்துங்க."

ரத்மீருக்குத்தான் முதலில் கேட்டது. அடியில் கிடந்தவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். அவன் கைகள் தளர்ந்தன. கேஷாவும் ஓங்கிய கையோடு திரும்பினான். மூன்று பேரும் அந்த நீலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். எங்கோ மேல்மாடியில் யாரோ காலடி போட்டு நடந்தார்கள். பனிப்பூச்சு மெல்ல உருகி ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

"குழாய் இறுக்கமா இருக்கு," என்றான் கேஷா மெதுவாக. "எப்படி வரும்?"

"இறுக்கமா இல்ல. கசியுது."

"என்ன?"

"நாலாவது திருகு. வெளியே வா, சொல்றேன். முதல்ல வெளியே வா."

ரத்மீர் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போனான். அங்கே போய் நின்றான். கேஷா நகரவில்லை. அவன் கண் மாதிரிக் குழலுக்குப் போயிருந்தது. நீலத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அது குழாயில் செருகியிருந்தது; உள்ளே நாற்பது மில்லிகிராம் மஞ்சள்.

"ஒரு நிமிஷம்," என்றான். இரண்டு கையாலும் இணைப்பைப் பற்றித் திருகினான். மசகு குளிரில் இறுகியிருந்தது. அவன் பலமாகத் திருகத் திருகக் குழாய் அதிர்ந்தது. நீலம் உள்ளே தளும்பியது.

"விடுடா பைத்தியக்காரா," என்றான் ரத்மீர் கதவிலிருந்து. "தூள் மறுபடி பண்ணிக்கலாம்."

"எட்டு மாசம். இதைப் பண்ண எட்டு மாசம்."

லிதியா கதவிலிருந்து உள்ளே வந்தாள். கேஷா இருக்கும் அறையில் கதவை விட்டு அவனை நோக்கி அவள் நடந்தது அதுதான் முதல் தடவை. தாங்கியிலிருந்த இரும்புத் தண்டைக் கழற்றினாள். முழ நீளம், கட்டைவிரல் கனம். "கேஷா, கையை எடு," என்றாள். அவன் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஓங்கி அவனுடைய வலது முன்கையில் அடித்தாள்.

எலும்பு முறிவது தண்டின் வழியாக அவள் தோள்வரை வந்தது. அவன் கத்தவில்லை, நம்பாமல் அவளைப் பார்த்தான். அவள் மறுபடி ஓங்கினாள். அவன் பின்வாங்கினான். அவள் தண்டை எறிந்துவிட்டு அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். ரத்மீர் மறுபக்கம் பிடித்தான். மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தபடி நடைவழிக்கு வந்தார்கள். இரும்புக் கதவை முதுகால் தள்ளி மூடினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

மேலே போகும் படிக்கட்டின் திருப்பத்தை அடைவதற்குள் தரை எழும்பிக் காலில் அறைந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. சுண்ணாம்பு மழையாகக் கொட்டியது. விளக்குகள் அணைந்தன. கதவு பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் நடுவில் உள்ளேயிருந்து யாரோ குத்தியதுபோல் வெளிப்பக்கம் புடைத்து நின்றது. உள்ளே அந்தச் சின்ன ஜன்னல் முழுவதும் வெளியே பனியில் போய் விழுந்திருக்க வேண்டும். குளிர் தரையோடு ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது.

படிகளில் உட்கார்ந்தார்கள். காதில் ஒரே ரீங்காரம். கேஷா ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ரத்மீர் கம்பளித் துண்டை மூக்கில் அழுத்தியிருந்தான். நிறைய நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை லிதியாவுக்கு நன்றாகத் தெரியும். அதில் பதினாலு மாதம் குடியிருந்திருக்கிறாள். ஒரு மணி நேரமும் இருக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

"எப்போலேர்ந்து?" என்றான் கேஷா.

"போன டிசம்பருக்கு முந்தின டிசம்பர்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"அப்போ மூணு..."

"மூணு காத்து. நடுப்படின்னு ஒண்ணு இல்ல, கேஷா. என் கசிவுதான் அது. நான் மேல போய் வேற குழாய்ல அளந்தேன். உங்கிட்டச் சொல்லல."

அவன் எழுந்தான். அவள் நகர்ந்திருக்கலாம்; படிகள் மேலே திறந்துதான் கிடந்தன. அவள் நகரவில்லை. அவன் இடது முஷ்டி அவள் வாயில் விழுந்தது. தலை கைப்பிடிக் கம்பியில் மோதியது. வாய் நிறைய உப்பு. ரத்மீர் பின்னாலிருந்து பாய்ந்து அவனுடைய ஒடிந்த கையைப் பிடித்து முறுக்கினான். கேஷா அப்போதுதான் கத்தினான். கத்திக்கொண்டே முழங்காலில் சரிந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை கை ஓங்கினே, மத்ததையும் நான் ஒடிப்பேன்," என்றான் ரத்மீர். அவனுக்கு மூச்சு வாங்கியது. "இத்தனை வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தியா? வீட்டுக்குள்ள?"

லிதியா கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, படியில் கேஷாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் அவள் உதட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவன் இடது கையால் அதை எடுத்து, படிக்கட்டு ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படித்தான். நெடுநேரம் படித்தான்.

"பத்து புள்ளி எட்டு."

"ஆமா."

"அப்போ ரெண்டு படிதான்." அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. "முதல்ல நான் போட்ட கணக்கு சரி. நடுப்படிக்கு முன்னாடி. அது சரிதான், லீதா."

"சரிதான்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அது பாதியில் வேறெதுவாகவோ மாறியது. பெரிய உடம்பு குலுங்கியது. அவளுக்கு அவனைத் தொடத் தோன்றவில்லை. பாவமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. தன்னுடைய மௌனம் அவனிடமிருந்து எதைத் திருடியது என்பது மட்டும் தெளிவாக இருந்தது; அவன் கைகள் அவளிடமிருந்து எதைத் திருடின என்பதும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை. தனித்தனியாக நின்றன.

பாதுகாப்புப் பொறியாளர் நினேல் பாவ்லோவ்னா கம்பளிக் காலணியில் மூச்சிரைக்க இறங்கி வந்தார். அக்குளில் விபத்துப் பதிவேடு, காதில் பேனா. அறுபது வயது. புடைத்து நின்ற கதவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எல்லோரையும் எண்ணினார்.

"மூணு பேர். மூணும் உயிரோட. ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லியாச்சு," என்றார். குனிந்து லிதியாவின் முகத்தைப் பார்த்தார்; பிறகு கேஷாவை; பிறகு வேறு எங்கோ. பதிவேட்டைத் திறந்து, பழக்கமான குரலில் கேட்டார். "குடுவை வெடிச்சு, கண்ணாடித் துண்டு பட்டு உதடு கிழிஞ்சுதுன்னு போட்டுக்கறேன். சரியா, லீதா? அப்படியே முடிஞ்சுரும்."

லிதியா கையை நீட்டினாள். "குடுங்க. நானே எழுதறேன்."

"வலிக்குமே. உதடு வீங்குது."

"கையாலதானே எழுதணும்."

நினேல் பாவ்லோவ்னா தயங்கிக் கொடுத்தார். லிதியா பதிவேட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். நான்காவது திருகில் விரிசல், அறிந்த தேதி, அறிவிக்காதவர் பெயர்: லிதியா ஃபிலிப்போவ்னா. பம்பு நின்றபின் நைட்ரஜனை இறக்காதவர்: அதே பெயர். வலது முன்கை முறிவு: மேற்படியாரால், இரும்புத் தண்டினால், அறையை விட்டு வெளியேற்றும் பொருட்டு. உதட்டுக் காயம்: வெடிப்புக்குப் பிறகு, படிக்கட்டில், இன்னொக்கேந்தியின் இடது முஷ்டியால். கண்ணாடியால் அல்ல.

ரத்மீர் அவள் தோளுக்கு மேலாகப் படித்தான். "என் மூக்கு?" என்றான்.

"அதை நீங்களே எழுதுங்க. நீங்க என்ன சொன்னதுக்கப்புறம் அடி விழுந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு வருடம், நாலு வருடம், ஒன்பது வருடம். அவளுடைய கையெழுத்துதான், அப்போது எழுத்து இன்னும் வட்டமாக இருந்தது. 'குடுவை வெடித்து இடது புருவத்தில் கண்ணாடித் துண்டு பட்டது. ஐந்து தையல்.' அதற்குக் கீழே நினேல் பாவ்லோவ்னாவின் ஒப்பம்.

"பழைய பக்கத்துல கை வைக்கக்கூடாதும்மா," என்றார் நினேல் பாவ்லோவ்னா.

"திருத்தலாம். ஒத்தைக் கோடு போட்டு, மேல எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாத் திருத்தலாம்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. நீங்க எழுதினதுதான்."

கேஷா தாளை மடியில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில், பனியில், வண்டியின் சத்தம் கேட்டது.

அவள் அந்தப் பழைய வரியின்மேல் ஒற்றைக் கோட்டை நேராகப் போட்டாள். அதற்கு மேலே, யார் கையால் என்று எழுதினாள். இன்றைய தேதி. கையெழுத்து. குளிரில் மை காயாமல் மினுங்கியது. குனிந்து அதன்மேல் ஊதினாள், உதடு எரிந்தது.